நீலக் குறி போட்ட கவர்

அக்டோபர் 14

தம்பிக்கு,

ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது போதும். நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், உன் அண்ணிக்கு அனுப்பும் வாழ்த்து அட்டைகளில் எழுத்து உருண்டு திரண்டு இருக்கிறது.

நேற்றைய பத்திரிகையில், விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில், நாலே வரியில் செய்தி. கொக்கு நாடு மாறிவிட்டாள். விதிப்படி ஒரு வருடம் எந்தக் கொடியும் இல்லாமல் வெளியே இருந்தாளாம். அந்த வருடம் முடிகிறது. வரும் ஜனவரி 25 அன்று ஐயாயிரம் மீட்டர் வேகச்சறுக்கில் உன் நாட்டுக்காக இறங்குகிறாள். உன் நாடு என்று எழுதியது வாய் தவறி அல்ல. நீயும் ஜனவரியில் அங்கே குடியுரிமை உறுதிமொழி எடுக்கப் போகிறாய் என்று அண்ணிக்கு வந்த அட்டை சொன்னது. எனக்குச் சொல்ல அட்டை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தவர் அப்பா. உனக்கு நினைவிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பதினாறு வயதில் அவள் முதல் முறை தொலைக்காட்சியில் வந்தபோது, கையைப் பின்னால் கட்டி, கழுத்தை நீட்டி, ஒற்றைக் காலில் வழுக்கிக்கொண்டு போனாள். "பாருடா, மீனுக்குக் காத்திருக்கிற கொக்கு மாதிரியே இருக்கா" என்றார். அன்றிலிருந்து அவள் நம் வீட்டுப் பெண்.

இன்று காலை அலுவலகத் தேநீர் இடைவேளையில் இதே பேச்சு. லிஃப்டின் கம்பிவடத்தை அளக்கும் என் உதவியாளர் ஆரம்பித்தார்.

"என்ன சார், உங்க கொக்கு பறந்துடுச்சு போல?"

"போனாப் போறா. பொண்ணுன்னா வேற வீட்டுக்குப் போறது புதுசா?" என்றாள் வரவேற்பு மேஜைக்காரி.

"போற வீட்டுல நின்னுக்கிட்டுப் பொறந்த வீட்டைத் தோக்கடிக்கவா போவாங்க?" என்றேன்.

"அண்ணன் தம்பிக்குள்ளயே அது நடக்குது சார், அவளைப் போய்ச் சொல்றீங்களே!"

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் மூன்று பழுது கண்டுபிடித்தேன். என் பிழைப்பு அப்படியே ஓடுகிறது. என் கையெழுத்து தொங்காத லிஃப்ட் இந்த ஊரில் நகரக் கூடாது. எனக்கு எட்டு வருடம் இளையவனைத் தலைமைப் பொறியாளர் ஆக்கியிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்ட லிஃப்டில் ஏறித்தான் அவன் பதவியேற்கப் போனான்.

ஒரே ஒரு கேள்வி கேட்டு முடிக்கிறேன். கொக்கும், நம் அணியில் புதிதாக வந்திருக்கும் பெண்ணும் ஒரே ஓட்டத்தில் நின்றால் நீ யாருக்குக் கை தட்டுவாய்?

இப்படிக்கு,
அண்ணன்


அக்டோபர் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்தேன். திட்டுவதற்காகவாவது எழுதினீர்களே. எழுத்தின் சாய்வு கொஞ்சம்கூட மாறவில்லை.

கொக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் பனித்தளத்தில்தான் அவள் பயிற்சி செய்கிறாள். தளத்தின் மேல் நீர் தெளித்து மழமழப்பாக்கும் வண்டி ஓட்டுவது என் வேலை. "படித்த படிப்புக்கு வண்டி ஓட்டுகிறாயா" என்று நீங்கள் எப்போதோ கேட்டீர்கள். ஓட்டுகிறேன் அண்ணா, பிடித்துத்தான் ஓட்டுகிறேன். மற்றவர்கள் வருவதற்கு முன் நான் வண்டியை ஓரம் கட்டுவேன், அவள் இறங்குவாள். அவ்வளவு பெரிய கூடத்தில் நாங்கள் இரண்டே பேர்.

ஒரு நாள் அவளே கேட்டாள், "நீங்க எந்த ஊரு?" சொன்னேன்.

"அங்கயா? அங்க இன்னும் யாராவது என்னைப் பத்திப் பேசறாங்களா?"

"எங்க அண்ணன் பேசுவார்."

"என்ன சொல்வார்?"

"திட்டுவார்."

சிரித்துவிட்டாள். "திட்டறாரா? அப்ப இன்னும் மறக்கலை."

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு பயிற்சிக் கூடத்துக்குப் போனாளாம். அணிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஒருவர்கூடக் கூப்பிட்டுச் சொல்லவில்லை, அறிவிப்புப் பலகையில்தான் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் தனியாக ஓடிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தாள். நீங்கள் படித்த நாலு வரியில் இது இருந்திருக்காது.

இந்த விளையாட்டை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் நீங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உள்பாதையில் இருப்பவர் வெளிப்பாதைக்கும், வெளியே இருப்பவர் உள்ளேயும் மாற வேண்டும். மாறாமல் ஓடினால்தான் தகுதி போகும். இதை வாதத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

என் விஷயம். பதினான்கு வருடமாக, வருடத்துக்கு ஒரு முறை, இங்கே இருக்கலாமா என்று கேட்டு வரிசையில் நிற்கிறேன். கால் வலிக்கிறது அண்ணா. அவ்வளவுதான் காரணம். ஜனவரி 22 காலை உறுதிமொழி. பழைய பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்துவிட வேண்டும். அந்த அறையில் எல்லோருக்கும் பின்னால் அவரவர் மனிதர்கள் நிற்பார்கள். எனக்குப் பின்னால் நீங்கள் நிற்க வேண்டும். 25ஆம் தேதி ஓட்டத்துக்கு அடுத்தடுத்து இரண்டு இருக்கை எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்குக் கை தட்டுவேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

வருகிறேன் என்றோ இல்லை என்றோ வருடம் முடிவதற்குள் ஒரு வரி எழுதினால் போதும். இல்லையென்றால் இனி ஒருபோதும் கேட்க மாட்டேன். உங்களைத் தொந்தரவு செய்யவும் மாட்டேன்.

யார் எந்த இடத்தில் வருவார்கள் என்று ஓட்டத்துக்கு முன்பே கணித்து எழுதி அனுப்பும் நம் சீட்டு விளையாட்டையும் மறுபடி ஆரம்பிக்கலாமா? அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்
தம்பி


நவம்பர் 10

தம்பிக்கு,

கூப்பிட்டால் வராதவன் கூப்பிடுகிறான். நல்ல வேடிக்கை.

சீட்டை ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறாயே, அந்தச் சீட்டின் கடைசிக் கடிதத்தைப் பற்றிப் பேசுவோம். இதுவரை நான் வாய் திறக்கவில்லை. இப்போது கேள்.

ஐந்து வருடத்துக்கு முன், பிப்ரவரியில், உலகப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு திங்கள்கிழமை. மருத்துவமனை நாலாம் மாடி, ஜன்னலோரப் படுக்கை. அப்பா தலையணையில் சாய்ந்து தன் சீட்டைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்றாம் இடம் கொக்கு என்றார். "அவ்வளவு தூரம் வருவாளாப்பா?" என்றேன். "வருவா. எழுது" என்றார். அவரே கையெழுத்துப் போட்டார். அதன் கீழே நான் எழுதினேன்: அப்பா உன்னைக் கேட்கிறார், உடனே புறப்படு என்று. அன்று மாலையே தபாலில் சேர்த்தேன்.

நம் கடிதம் ஐந்து நாளில் உன் ஊருக்குப் போகும். நாற்பது வருடம் தபால் பிரித்த மனிதருக்குப் பிறந்தவர்கள் நாம், இதில் கணக்குத் தப்பாது. சனிக்கிழமை உன் கையில் கடிதம். ஞாயிறு புறப்பட்டிருந்தால் திங்கள் காலை அவர் முன்னால் நின்றிருக்கலாம்.

"அவன் எப்ப வர்றான்?"

"எழுதியிருக்கேன்பா. வந்துடுவான்."

இதைத் தினமும் மூன்று வேளை சொன்னேன், மாத்திரை மாதிரி. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். தாதி வந்தாலும் பார்ப்பார், தரை துடைப்பவர் வந்தாலும் பார்ப்பார். புதன்கிழமை விடியலில் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அண்ணி போன் செய்ததும் ஓடி வந்தாய், எல்லாம் முடிந்த பிறகு. அழுதாய். நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை. கேட்காததிலேயே தெரிந்தது, உனக்கே தெரியும் என்று.

அந்த ஞாயிறு கொக்கு மூன்றாவதாக வந்தாள். நம் நாட்டுக்கு அந்த விளையாட்டில் முதல் பதக்கம். அப்பா சொன்னது பலித்தது, அவர் இல்லை. அந்தப் பதக்கத்தை ஒருத்தி சுமந்துகொண்டு வேறு கொடிக்குப் போனால் நான் சும்மா இருக்க வேண்டுமா?

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். அந்த நாலு நாள் நீ எங்கே இருந்தாய்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் எழுதாதே. என் இருக்கையில் உன் கோட்டைக் கழற்றி வைத்துக்கொள்.

அண்ணன்


நவம்பர் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

இதோடு ஒரு பழைய கவரை வைத்திருக்கிறேன். கவர் மட்டும்தான். உள்ளே இருந்த தாளை அனுப்ப மனம் வரவில்லை, அதில் அப்பா கையெழுத்து இருக்கிறது.

முன்பக்கம் இடது மூலையைப் பாருங்கள்.

அப்பா போட்ட விதிகள் மூன்று. ஓட்டத்துக்கு முன்பே சீட்டுத் தபாலில் சேர வேண்டும், தபால் முத்திரைதான் சாட்சி. சீட்டு உள்ள கவரின் மூலையில் நீலப் பென்சிலால் ஒரு குறி போட வேண்டும், ஓட்டம் முடியும் வரை அதை யாரும் பிரிக்கக் கூடாது. கீழே கையெழுத்து இல்லாத சீட்டு செல்லாது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் முன்னாடி பிரித்ததில்லை. பிரித்துவிட்டு ஒட்டினால் யாருக்குத் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். "உனக்குத் தெரியுமேடா" என்றார்.

சனிக்கிழமை கவர் வந்தது. மூலையில் குறி. சமையலறை அலமாரிமேல் சாய்த்து வைத்தேன். அடுத்த வார ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் பிரிக்கலாம் என்று ஆசையோடு காத்திருந்தேன் அண்ணா. அப்பா மருத்துவமனையில் இருப்பதே எனக்குத் தெரியாது. புதன்கிழமை அண்ணி போன் செய்தபோதும் அது அங்கேயே இருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து திரும்பி வந்துதான் பிரித்தேன். முதலில் சீட்டு. கீழே உங்கள் வரி. நீங்கள் ஏன் பேசவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒரு நட்டு தளர்ந்ததை முதல் பார்வையில் கவனிக்காததற்காக மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவர் நீங்கள். இதைச் சொன்னால் என்மேல் இருக்கும் கோபம் போய்விடும், அது எங்கே போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவன்மேல் கோபமாக இருப்பது சுலபம். அது என்மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகத்தின்மேல் வந்தால் எப்படித் தாங்குவீர்கள்?

இப்போது ஏன் சொன்னேன்? நானும் களைத்துவிட்டேன். உறுதிமொழி எடுப்பதற்கு முன் ஒரு பொய்யையாவது இறக்கி வைக்கலாம் என்று தோன்றியது.

உங்கள்
தம்பி


டிசம்பர் 13

அண்ணா,

பதில் இல்லை. அந்தக் கவரை அனுப்பியிருக்கக் கூடாது. கோபத்தில் அனுப்பியதாக நினைத்துவிடாதீர்கள். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். சாப்பிடுகிறீர்களா?

இருக்கையை இன்னும் வைத்திருக்கிறேன்.

தம்பி


டிசம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

கவரைக் கிழிக்கவில்லை. வேலையில் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். முத்திரை திங்கள்கிழமை. குறி நீலம். அழுத்திப் போட்ட ஒரே கோடு, என் கைதான். இந்தக் கோட்டைத் தம்பி பிறகு போட்டிருக்கக் கூடாதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் கோட்டை எனக்குத் தெரியாதா?

அப்பா சீட்டு என்றதும் கை பழக்கத்தில் பென்சிலை எடுத்திருக்கிறது. அவரும் பக்கத்தில் இருந்தார், கவனிக்கவில்லை. அதைவிடப் பெரிய பழுது ஒன்று உண்டு. போன். படுக்கைக்குப் பக்கத்து மேஜையில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. அதற்கு முந்திய வருடம் அப்பாவை உன்னோடு அழைத்துப் போகிறேன் என்று நீ சொன்னாய், போனில் சண்டை வந்தது, இனி உன்னை நானாகக் கூப்பிட மாட்டேன் என்று சபதம் போட்டேன். அந்தச் சபதத்தைக் காப்பாற்றத்தான் கடிதம் எழுதினேன். அண்ணி சொன்னாள், "நானாவது சொல்றேன்." "டாக்டரே இன்னும் மூணு வாரம் தாங்கும்னு சொல்றார், அதான் எழுதியாச்சே" என்று அவளையும் தடுத்தேன். இது யாருக்கும் தெரியாது, அவளைத் தவிர. அவளும் ஐந்து வருடமாக ஒரு முறைகூடச் சொல்லிக் காட்டவில்லை.

கவரை அவளிடம் கொடுத்தபோதுதான் சொன்னாள். "பட்டனை அமுக்காமலே லிஃப்ட் வரலைன்னு அஞ்சு வருஷமா நின்னிருக்கீங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட்டேனா என்று கேட்டிருந்தாய். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து சாப்பிடுகிறேன்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. விதியை மீறி ஒரு கவரைப் பிரிக்காத அளவுக்கு நல்லவனாக இருக்க வேண்டுமா? இந்த அறிவுகெட்ட கோபத்தையாவது எனக்கு விட்டுவை. கொக்கின் மேலும் தீரவில்லை. ஆனால் ஊன்றுகோலோடு அறிவிப்புப் பலகை முன் அவள் நின்றதை நினைத்தால் பழைய வேகத்தில் திட்ட வரவில்லை. தேநீர் இடைவேளையில் உதவியாளர் மறுபடி ஆரம்பித்தார். "கூப்பிட்டுச் சொல்ல ஆளில்லாத வீட்டுல யாருய்யா இருப்பா?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாருக்கு உடம்பு சரியில்ல போல" என்று வரவேற்பு மேஜைக்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது.

நாலு நாள் முன்னால் விசா அலுவலகம் போனேன். படிவத்தில் ஒரு வரி: யாரைப் பார்க்கச் செல்கிறீர்கள். தம்பி. அடுத்த வரி: அவருடைய குடியுரிமை. உன் புதிய நாட்டின் பெயரை எழுதிவிட்டேன், எழுத்துப் பிழை இல்லாமல். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"படிவத்துல அந்த நாட்டுக்காரர்னு எழுதியிருக்கீங்களே சார்? அவர் அனுப்பின அழைப்புல இனிமேதான் உறுதிமொழி எடுக்கப் போறார்னு போட்டிருக்கு?"

"இருபத்திரண்டாம் தேதி எடுக்கிறான்மா."

"அப்ப இன்னிக்கு அவர் நம்ம ஆளுதான் சார். அடிச்சிட்டு மாத்தி எழுதுங்க. அடிச்ச இடத்துல ஒரு கையெழுத்து."

அவசரப்பட்டு நானே உன்னை அங்கே அனுப்பிவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பெண் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள், நாலு வாரத்துக்கு. அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். விடுப்பு விண்ணப்பத்தில் இன்னொன்று போட்டேன். எனக்கு எட்டு வருடம் இளையவன் அதை வாசித்துப் பார்த்து, "எங்க சார், தம்பி வீட்டுக்கா? நல்லா போயிட்டு வாங்க" என்றான். நல்ல பையன்தான் போலிருக்கிறது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

21ஆம் தேதி மாலை வந்து சேர்கிறேன். நேரத்தை அண்ணி போனில் சொல்லிவிடுவாள். நானே எடுத்தால் ஏதாவது பேசிக் கெடுத்துவிடுவேன். மறுநாள் உனக்குப் பின்னால் நிற்கிறேன். நீ பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைக்கும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதே.

பாதை மாறுவதைப் பற்றி எனக்கே பாடம் நடத்தினாய். மீதிப் பாதியை நீ எழுதவில்லை. குறுக்கே கடக்கும் இடத்தில் இருவரும் மோதும்படி வந்தால், வெளியிலிருந்து வருபவருக்கு உள்ளே இருப்பவர் வழிவிட வேண்டும். தெரிந்தேதான் விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன்.

என் சீட்டு இதோ. கொக்கு இரண்டாம் இடம். நம் அணியின் புதுப் பெண் பதினொன்று, ஆனால் கடைசிச் சுற்றில் யாரும் எதிர்பார்க்காத வேகம். யாருக்குக் கை தட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்கு இரண்டு கை இருக்கிறது, பார்க்கலாம்.

விதிப்படி இதன் கீழே கையெழுத்து வேண்டும். ஒன்றைச் சோதித்துப் பார்த்துப் பழுதில்லை என்று நிச்சயமான பிறகுதான் கையெழுத்துப் போட்டுப் பழகியவன் நான். இந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டேன், பழுதில்லை என்று சொல்ல முடியவில்லை. கையெழுத்து இல்லாத சீட்டு செல்லாது என்பதும் தெரியும். செல்ல வேண்டாம். இந்த முறை நம்மில் யாரும் ஜெயிக்க வேண்டாம். நீலப் பென்சிலை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். மூலையில் குறி இருக்காது, வந்தவுடனே பிரி.

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், தபால் பெட்டி வரை அவளும் வருகிறாளாம். என்மேல் நம்பிக்கை இல்லை. பேனாவை மூடிவிட்டேன். கீழே இடம் காலியாகவே இருக்கட்டும், இப்படியே போட்டுவிட்டு வருகிறேன்.